மேலிருந்து வரைந்த முற்றம்

டென்மார்க்கின் வைலே நகரத்தில் ஒரு சீன உணவகத்தின் குசினியில் நான் கோப்பை கழுவிய காலத்தில் எனக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது. வதிவிட அனுமதி கைக்கு வந்துவிட்டது, ஆகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயமில்லை. நான் இருந்த வீட்டில் மூன்று பேருக்கு ஒரே பானையில் சோறு வெந்தது. அந்தப் பானையிலிருந்து என்னை ஒரு நாள் விலக்கி வைத்துவிடுவார்கள் என்பதுதான் அந்தப் பயம். எண்பத்தைந்து புரட்டாசியில் தொடங்கி எண்பத்தாறு தை மாதம் வரைக்கும் அந்தப் பயத்தோடு ருசித்துச் சாப்பிட்டேன்.

சைக்கிள் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. வீடு அண்ணையின் பெயரில். நாற்பதை நெருங்கியவர், வடமராட்சிப் பக்கம் நடுவில் முற்றம் விட்டுக் கட்டிய நாச்சார் வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். மனைவியையும் பிள்ளையையும் அந்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவரும் நானும் ஒரே குசினியில் வேலை: அவர் மரக்கறி வெட்டுவார், நான் கழுவுவேன். மூன்றாவது ஆள் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறவர். விடியமுன் போய்ப் பின்னேரம் வருவார். முட்டை பொரிக்க மட்டும் தெரியும்.

நான் அங்கே போன முதல்நாளே அண்ணை தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் இருவர் உலகத்தில் எங்கே சந்தித்தாலும் நடக்கும் விசாரணைதான்.

"எந்த ஊர் தம்பி நீர்?"

பக்கத்துப் பட்டினத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கை எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட அண்ணை."

"எந்தக் கோயிலடி?"

"எல்லாக் கோயிலுக்கும் போறனாங்கள்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"சங்கத்திலை வேலை."

இது பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் கள்ளுச் சீவுகிறவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தது. அப்பா அதில் அங்கத்தவர். காலையும் மாலையும் பனை ஏறி, இறக்கிய கள்ளைச் சங்கத்தில் அளந்து கொடுத்தவர். அண்ணை 'சங்கம்' என்றவுடன் மேசையும் பேனையும் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

"அப்ப படிச்ச குடும்பம்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் தன் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். "ஓம் அண்ணை" என்றேன்.

அன்றிலிருந்து முறை வைத்துச் சமைத்தோம். திங்களும் வியாழனும் என் முறை. டேனிஷ் எனக்குக் கெதியாக வந்ததால் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்துக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். "தம்பி எங்கடை வாய்" என்று அண்ணை மன்னார்க்காரரிடம் பெருமையாகச் சொல்வார். என் மீன்குழம்பில் பழப்புளி அளவாக இருக்கிறது என்றும் சொல்வார். ஒருவன் ஆக்கிய சோற்றை மற்றவன் ருசி சொல்லிச் சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அது தானாகக் கிடைக்கிறவர்களுக்குத் தெரியாது.

உணவகத்து முதலாளி கன்டன் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஹொங்கொங் போய், கப்பலில் சமையல்காரனாக ஏறி, டென்மார்க்கில் இறங்கிவிட்டார். உணவகம் இருந்தது பழைய செங்கல் கட்டடம். குசினியின் பின்கதவைத் திறந்தால் நாலு பக்கமும் மூன்று மாடிச் சுவர், நடுவில் ஒரு அறையளவு வெற்றிடம், கழுத்து நோக அண்ணாந்தால் ஒரு துண்டு வானம். குப்பைத்தொட்டிகளும் உருளைக்கிழங்குச் சாக்குகளும் அங்கேதான் கிடக்கும். டேனிஷ்காரர் அதைச் சும்மா பின்வளவு என்பார்கள். முதலாளி மட்டும் 'தின்-செங்' என்பார்.

"சாக்கு தின்-செங்கிலே. சிகரெட் தின்-செங்கிலே" என்பார். கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

தை மாதம் ஒரு மத்தியானம். வெளியே பனி கொட்டியது. ஒரு வாடிக்கையாளரும் இல்லை. முதலாளியும் அண்ணையும் நானும் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது முதலாளி தன் தகப்பன் வீட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். பாதி டேனிஷ், பாதி இங்கிலிஷ், மீதி கை.

தின் என்றால் வானம், செங் என்றால் கிணறு. அவருடைய ஊரில் பழைய வீடுகளுக்கு நடுவில் கூரை இல்லாமல் ஒரு சதுரம் விடுவார்களாம். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வீட்டுக்கு உள்ளேதான் விழ வேண்டும். மழை என்றால் செல்வம், அதை வெளியே விடக்கூடாது. வெளியேறுகிற வாய்க்காலையும் நேராக வெட்டாமல் வளைத்து வளைத்துத்தான் வெட்டுவார்களாம், செல்வம் கெதியாகப் போய்விடாமல்.

"டேனிஷ் ஆள் விசர்" என்றார். "மழையைக் குழாய் போட்டு ரோட்டிலே ஊற்றுறான். பிறகு வரி கட்ட அழுகிறான்."

மூவரும் சிரித்தோம். அவர் ஓடர் எழுதுகிற கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அந்த வீட்டைக் கீறிக் காட்டினார். இரண்டு தூண், ஒரு பெரிய சாடி, நடுவில் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு சின்னப் பெடியன். "நான்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்கள் நாட்டிலே தின்-செங் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கோ எண்டு கேக்கிறார்! எங்கடை வீட்டிலை நடு முற்றத்தைச் சுத்திப் பதினாறு தூண்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, பேனையை வாங்கித் தானும் கீறினார். தூண்கள், சாய்மனைக் கதிரை, ஆட்டுக்கல், அறைக் கதவுகள் வரிசையாக. முதலாளியும் அண்ணையும் தாள்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே வீடு. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு என்னைப் பார்த்தார். "நீ?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாச்சார் வீடு எல்லாரிடமும் இருப்பதில்லை, இல்லை என்று சொல்வதில் ஒரு குறையும் வந்திராது. ஆனால் நாலு மாதம் ஒரே பானையில் சாப்பிட்ட தைரியம் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது. அதோடு, அப்படி ஒரு முற்றத்தை நான் உண்மையில் பார்த்தும் இருந்தேன்.

"எங்கடை வீட்டிலையும் இருந்தது" என்றேன்.

கேத்திரகணிதத்தில் எனக்கு எப்போதும் நல்ல புள்ளி. ஒரு பெரிய சதுரம் போட்டேன், அதற்குள்ளே ஒரு சின்னச் சதுரம். வெளிமூலையிலிருந்து உள்மூலைக்கு நாலு கோடு. நாலு சரிவிலும் ஓட்டு வரிசைகள். உள்விளிம்பைச் சுற்றி மழைத்தண்ணீர் ஓடும் பீலி. அதன் ஒரு மூலையில் தகரம் போட்டு ஒட்டுப்போட்ட இடம். பத்து வயதில் பார்த்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வரவர உற்சாகம் வந்துவிட்டது. ஓட்டின் மேலே குறுக்காக விழுந்து கிடந்த ஒரு பனையின் நிழலைக்கூட வட்டு வட்டாகக் கீறினேன்.

"இவன் ஆக்கிடெக்ட்!" என்று முதலாளி என் முதுகில் தட்டினார்.

அண்ணை தாளைக் கையில் எடுத்தார். ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "தம்பி, கதவு எங்கை?" என்றார்.

கதவு இல்லை. தூண் இல்லை, திண்டு இல்லை, ஒரு மனிதன் நிற்கிற இடமில்லை. காகம் பார்க்கிற வீடு அது. பேனையை வாங்கினேன், ஆனால் எந்தப் பக்கம் கதவு போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

"வீட்டிலை பிறந்தவன் முகட்டைக் காணமாட்டான்" என்றார் அண்ணை, மிக மெதுவாக, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு எங்கடை முகடு எப்பிடி எண்டு இண்டைக்கும் தெரியாது."

பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டுக் கையை உடுப்பில் துடைத்தார்.

முதலாளி மூன்று படங்களையும் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஊசி குத்தி வரிசையாகத் தொங்கவிட்டார்.

நான் அந்த முற்றத்தைப் பார்த்தது எப்படி என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் நாச்சார் வீட்டு மதிலோடு ஒரு பனை நின்றது. அப்பா சீவுகிற மரம், அவ்வளவு உயரமில்லை. அந்த வீட்டைப் பார்த்தபடி ஏறுகிறவன் ஏறுமுன் கீழே நின்று குரல் கொடுக்க வேண்டும் என்பது முறை. முற்றத்தில் சீப்பால் தலை இழுக்கிற, குளிக்கிற பெண்கள் எழும்பி உள்ளே போகட்டும் என்று. அப்பா இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏறுறனாக்கும்!" என்று கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் காலில் தளைநாரைப் போடுவார். பத்து வயதில் ஒரு மத்தியானம், அப்பா இல்லாத நேரம், நான் களவாக ஏறினேன். குரல் கொடுக்கவில்லை. களவாக ஏறுகிறவன் எப்படிக் கொடுப்பான்? மேலே போய்ப் பார்த்தால் அந்தச் சதுரம். அவ்வளவு வடிவான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே தலை உலர்த்திக்கொண்டிருந்த பெண் அண்ணாந்து பார்க்கும்வரைக்கும்.

பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அடிக்கவில்லை. அந்த வீட்டு மகன், இருபது வயதுகூட இராது, அப்பாவை அந்த மரத்தில் ஏறச் சொன்னான். மேலே இருந்து குரல் கொடுக்கச் சொன்னான். "கேக்கேல்லை, இன்னொருக்கா." அப்பா கூப்பிட்டார். "உன்ரை பெடியனுக்குக் கேக்கட்டும், இன்னொருக்கா." மதிலடியில் என்னை நிறுத்தி வைத்திருந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அப்பா மரத்தில் இருந்து "ஏறுறனாக்கும், ஏறுறனாக்கும்" என்று கூப்பிட்டார். கடைசியில் குரல் அடைத்து வெறும் காற்றுத்தான் வந்தது. அதற்கும் அவன் "இன்னொருக்கா" என்றான். தெருவில் போனவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இறங்கி வந்து அப்பா என் தளைநாரைப் பாளைக்கத்தியால் துண்டுதுண்டாக வெட்டினார். "இனி மரத்திலை கால் வச்சியெண்டால் நாரில்லை, காலை வெட்டுவன்" என்றார். சொல்லவும் குரல் இல்லை. அதுவரை போயும் போகாமலும் இருந்த பள்ளிக்கூடத்துக்கு அதற்குப் பிறகு ஒரு நாள் விடாமல் போனேன். நான் படித்தது அப்படித்தான்.

அன்று வேலை முடிந்து அண்ணையும் நானும் பனியில் நடந்து வந்தோம். பாதி வழியில் அவர் கேட்டார்.

"மரம் எத்தினை முழம்?"

"என்ன மரம் அண்ணை?"

"சங்கத்து மரம்."

நான் நடையைக் கெதியாக்கினேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணை மன்னார்க்காரரைப் பார்த்து, "தெரியுமே, எங்கடை தம்பி பெரிய ஆள். நாங்கள் கீழை நிண்டு பாத்ததையெல்லாம் அவர் மேலை நிண்டு பாத்தவர்" என்றார். மன்னார்க்காரருக்கு விளங்கிவிட்டது. சட்டென்று தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார், ஏற்கெனவே அவிழ்த்த நாடாவை.

அடுத்த திங்கள் நான் அரிசி களையப் போனபோது பானை அண்ணையின் கையில் இருந்தது.

"நீ படிக்கிற பெடியன். டேனிஷ் சோதனை வருகுது. சமையலை விடு."

அதுவரைக்கும் 'நீர்' என்றவர். அன்று முதல் 'நீ'.

எனக்குத் தேத்தண்ணி கண்ணாடிக் கிளாசில் வராமல் உணவகத்திலிருந்து கொண்டுவந்த கடதாசிக் கோப்பையில் வந்தது. குடித்ததும் எறிந்துவிடலாம், சுகம் என்றார். சோற்றை அவரே ஒரு கோப்பையில் போட்டு, என் பங்குக் கறியையும் ஊற்றி, மேசையின் நுனியில் வைத்துவிடுவார். அகப்பையை நான் தொடுவதற்கு வேலை வராது. ஒன்றையும் கோபமாகச் செய்யவில்லை. நோயாளியைப் பார்ப்பது போலக் கவனமாகச் செய்தார். ஒருநாள் நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வந்த பிறகு அவர் அந்தக் குழாய்ப்பிடியைத் துணியால் துடைப்பதைக் கண்ணாடியில் கண்டேன்.

மன்னார்க்காரரிடம் தனியாகக் கேட்டேன். "நீங்கள் வேதக்காரர். உங்களுக்கும் இது இருக்கோ?"

"எனக்கு ஒண்டும் இல்லைத் தம்பி" என்றார். "சத்தியமா ஒண்டும் இல்லை. ஆனா வீடு அவற்றை பேரிலையெல்லே."

உணவகத்தில் அண்ணைக்கு வாய் இன்னும் கூடிவிட்டது. முதலாளிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு தமிழில் சொல்வார். மேல் தட்டில் இருக்கிற சட்டியை எடுக்க நான் எட்டினால், "பாத்தியே, பழக்கம்!" என்பார். சோயா போத்தலைத் தூக்கினால், "கள்ளு முட்டி நிரம்பிட்டுதோ?" என்பார். முதலாளி என்ன பகிடி என்று கேட்பார். "எங்கள் ஊர்ப் பகிடி" என்று நானே மொழிபெயர்த்துச் சொல்வேன். முதலாளியும் சேர்ந்து சிரிப்பார். சுவரில் என் படம் தொங்கும்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை குசினிச் சுவரால் தண்ணீர் வழியத் தொடங்கியது. தின்-செங்கின் உள்சுவரில் இரண்டாம் மாடி உயரத்தில் ஓடிய பீலி இலையும் பனிக்கட்டியுமாக அடைத்துவிட்டது. உருகுகிற தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்கியது. குழாய் வேலைக்காரன் திங்கள்தான் வருவான் என்றான். இரவுக்கு நாற்பது பேருக்கு மேசை பதிவு செய்திருந்தார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணை வெட்டிக்கொண்டிருந்த முட்டைக்கோவாவை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அத்தனை டேனிஷையும் கூட்டி முதலாளியிடம் சொன்னார்: "இவன் ஏறுவான். இவன் அப்பா ஏறும், அப்பாவின் அப்பா ஏறும். குடும்பம் எல்லாம் ஏறும். நல்லா ஏறும்."

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "ஆக்கிடெக்டும் நீ, ஏறுகிறவனும் நீயா!"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்னடா பாக்கிறாய்? ஏறு. உன்ரை அப்பன் ஏறேக்கை ஆரும் ஏணி பிடிச்சவையே? உனக்கு நான் பிடிக்கிறன். குடுத்து வச்சனி."

அவர் ஏணியைச் சுவரில் சாத்தினார். முடியாது என்றால் போதும், முதலாளி வற்புறுத்தியிருக்க மாட்டார். ஆனால் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அண்ணை ஏற்கெனவே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஏறினாலும் நான் அதுதான், ஏறாவிட்டாலும் நான் அதுதான்.

"கூப்பிட்டிட்டு ஏறடா" என்றார் அண்ணை, மேலே இரண்டாம் மாடி ஜன்னலைக் காட்டி. அங்கே ஒரு டேனிஷ் கிழவி இருந்தா. "மனுசி குளிக்கிறாவோ தெரியாது. உங்கடை முறை தெரியுந்தானே?"

அந்த முறை அவருக்கும் தெரியும். அவர்கள் ஊரிலும் அதே முறைதான். அவருடைய பதினாறு தூண் முற்றத்திலும் ஒருவன் மதிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டிருப்பான். அவர் உள்ளே இருந்து கேட்டிருப்பார்.

நான் கூப்பிடவில்லை. ஏறினேன்.

ஏணி வழுக்கியது. கைவிரல் விறைத்தது. ஆனால் மேலே போனதும் உடம்பு எதையோ கண்டுபிடித்துக்கொண்டது போலச் சாவதானமாகிவிட்டது. பீலியின் மூலையில் சோற்றுப்பானை அளவில் ஒரு பனிக்கட்டி இறுகிக் கிடந்தது. இலையும் புறா இறகும் அதற்குள்ளே கறுப்பாகத் தெரிந்தன. முதலாளி தந்த இரும்புக் கரண்டியால் சுற்றிவரக் கிண்டினேன். கட்டி ஆடத் தொடங்கியது.

கீழே பார்த்தேன். அந்தச் சதுரம். அதன் நடுவில் அண்ணை இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, குசினிப் பக்கம் திரும்பி முதலாளிக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் அவருக்கு உச்சியில் மயிர் கொட்டியிருந்தது. அதை அதுவரை நான் கண்டதில்லை.

ஒரு சொல் போதும். 'அண்ணை' என்றால் போதும். வாயைத் திறந்தும் விட்டேன். தவறுதலாக விழுந்தது என்று மூன்று வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன், இங்கே சொல்லமாட்டேன். வாயை மூடிக்கொண்டு கரண்டியை இன்னொரு தரம் கொடுத்தேன்.

கட்டி அவருடைய வலது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மேலே நின்ற எனக்குக் கேட்டது. பீலியில் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் பின்னாலே போய் அவர் தலையில் கொட்டியது. நான் இறங்க அவசரப்படவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினேன். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்.

வைத்தியசாலையில் வாய் நான்தான். அண்ணையின் டேனிஷ் வலியில் எங்கேயோ போய்விட்டது. இளம் டொக்டர் பெண், காறையெலும்பு முறிந்திருக்கிறது, ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்றா. பிறகு பத்திரத்தை நிரப்பிக்கொண்டு கேட்டா: "மேலே நின்றவர் எச்சரித்தாரா?"

மொழிபெயர்த்தேன். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொல்லு. ஏறேக்கையும் குரல் குடுக்கேல்லை, விழுத்தேக்கையும் குரல் குடுக்கேல்லை எண்டு சொல்லு."

நான் டொக்டருக்குச் சொன்னேன்: "கூப்பிட்டாராம். தனக்குத்தான் கேட்கவில்லையாம்."

டொக்டர் எழுதினா. நான் சொன்னதில் பாதி அண்ணைக்கு விளங்கியிருக்கும். அந்தப் படம் கீறிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார். டேனிஷ் வரவில்லை. மூடிக்கொண்டார்.

வீட்டை விட்டுப் போ என்று அவரால் சொல்லவும் முடியவில்லை. வைத்தியசாலைக் கடிதம், கொம்யூன் கடிதம், காப்புறுதிக் கடிதம் என்று நாளுக்கு ஒன்று வந்தது. வாசிக்க நான் வேண்டும். முதலாளி என்னை இரவு வேலைக்கு மாற்றியிருந்ததால் பகலில் வீட்டில் அவரும் நானும் மட்டும். பானை சும்மா கிடந்தது. நான் எடுத்தேன்.

ஆறு கிழமையும் ஒவ்வொரு மத்தியானமும் சமைத்தேன். அவருக்குப் பிடித்த கறிகளாகப் பார்த்துச் சமைத்தேன். கணவாய் கிடைக்காத ஊரில் ரயில் ஏறிப் போய்க் கணவாய் வாங்கி வந்தேன். கருவேப்பிலை இல்லாவிட்டாலும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்த வாசம் அவருடைய அறைக்குள் போகட்டும் என்று குசினிக் கதவை அகலத் திறந்து வைத்தேன். அவருடைய கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி ஊற்றி, அவருடைய கோப்பையில் சோறு போட்டு, அவருக்கு முன்னால் வைத்தேன்.

"சாப்பிடுங்கோ அண்ணை."

"பசிக்கேல்லை."

பசித்தது. வயிறு இரைவது எனக்குக் கேட்கும். அவர் எழும்பிப் போய்க் கறுப்பு ரொட்டியை எடுத்து, இடதுகையால் ஒரு துண்டு பிய்த்து, ஒன்றும் பூசாமல் தின்பார். சாப்பாட்டை இடதுகையால் தொட்டறியாத மனிதர். நான் எதிரே இருந்து சோற்றைக் குழைத்து, விரலை நக்கி, ஆறுதலாகச் சாப்பிடுவேன். பின்னேரம் மன்னார்க்காரர் வந்து மிச்சக் கறியை அடுப்படியில் நின்றபடியே வழித்துச் சாப்பிடுவார். அண்ணைக்கு முட்டை பொரித்துக் கொடுப்பார்.

ஒருநாள் முதலாளி பார்க்க வந்தார், பெட்டி நிறையப் பொரித்த சோற்றோடு. பன்றிக் கொழுப்பில் பொரிப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வேலையில் அதை வாயில் வைக்காத அண்ணை, அன்று கரண்டியை இடதுகையில் பிடித்துக்கொண்டு பெட்டி முழுவதையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சீனன் ஆக்கினதைத் தின்கிறேன், பார் என்பது போல. முதலாளி "பாவம், நல்ல பசி" என்றார். என்னிடம், "நீ இவனுக்குச் சமைத்துக் கொடுப்பதில்லையா?" என்று கேட்டார்.

"கொடுக்கிறேன்" என்றேன்.

கைக்கட்டு அவிழ்த்த அன்று, வைத்தியசாலைப் படியில் வைத்தே அண்ணை சொன்னார்: "மாசம் முடியேக்கை வேறை இடம் பார்."

"எனக்கும் இங்கை இருக்க விருப்பமில்லை" என்றேன். அது முழுப்பொய். பானை வேண்டும், மேசை வேண்டும், 'பழப்புளி அளவு' என்கிற அந்தச் சொல் வேண்டும். அந்த ஆறு கிழமை மத்தியானங்களில் ஏதாவதொரு மத்தியானம் அவர் பசி தாங்காமல் ஒரு வாய் எடுத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். சிரித்திருப்பேனோ, அழுதிருப்பேனோ, தெரியாது. அவர் எடுக்கவில்லை.

போகிற நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். கீழே குப்பை வைக்கிற இடத்தில் அந்தப் பானை கிடந்தது. எனக்கு முன்னரே அண்ணை அதை இறக்கிவிட்டார். முதல்நாள்தான் நான் அதைச் சவர்க்காரமும் கம்பியும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தேன். எடுத்துச் சால்வையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

தலைநகருக்குக் கிட்ட அல்பர்ட்ஸ்லுண்டில் நாலு பேர் இருக்கிற வீட்டில் இடம் கிடைத்தது. முதல்நாள் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, அங்கே மூத்தவர் கேட்டார்.

"எந்த ஊர் தம்பி? அப்பா என்ன செய்யிறார்?"

அண்ணையின் தோளில் எலும்பு முறிந்த சத்தம் காதில் கேட்டது. அப்பா காற்றாகக் கூப்பிட்டதும் கேட்டது.

"சங்கத்திலை வேலை" என்றேன்.

அந்தப் பானையில்தான் அன்று சமைத்தேன். "கை நல்ல கை" என்றார்கள். இந்த மூன்று வருடமாக அதில்தான் ஐந்து பேரும் சாப்பிடுகிறோம். மூத்தவர் தபாலில் வருகிற தமிழ்ச் சஞ்சிகை ஒன்று விடாமல், விளம்பரம் உட்பட, சத்தமாக வாசிக்கிறவர். நான் அதற்கு எழுதி அனுப்புகிற இதையும் வாசிப்பார். மற்ற மூவரும் மேசையில் இருந்து கேட்பார்கள். நான் குசினியில் நிற்பேன், ஏனென்றால் சஞ்சிகை வருவது வியாழனில், திங்களும் வியாழனும் இங்கேயும் என் முறைதான். வாசித்து முடிந்தபின் அகப்பையை யார் கையில் எடுக்கிறார்கள் என்று பார்ப்பேன்.